நொண்டி நடந்த கடிகாரம்

வீட்டில் பிணம் கிடக்கும்போது கடிகாரம் மணி அடிக்கக் கூடாது என்பது என் புகுந்த வீட்டு வழக்கம். பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிடுவார்கள். கல்லறையிலிருந்து திரும்பியதும் வீட்டு ஆள் ஒருவர் அதை மறுபடி ஆட்டிவிட வேண்டும். இனி உங்களுக்கு இங்கே வேலை இல்லை என்று இறந்தவருக்குச் சொல்வதுதான் அது.

என் கணவர் டென்னிஸ் இறந்தபோது நான் ஆட்டிவிடவில்லை. கொழுந்தன் வில்சன் அதன் கண்ணாடிக் கதவில் கை வைத்தபோது நான் போட்ட சத்தத்தில், வந்திருந்த பாதிப்பேர் காபி குடிக்காமலே கிளம்பிவிட்டார்கள்.

ஆளுயரக் கடிகாரம். மாமனாரின் தாத்தா சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. மூன்று பித்தளைக் குண்டுகள் சங்கிலியில் மெல்ல இறங்கும். அந்தக் கனத்தில்தான் ஓட்டமும் மணியும். பழைய வீடு கைமாறி, நானும் மகள் சுகிர்தாவும் தருமபுரத்துக்குக் குடிவந்தபோது அதையும் தூக்கி வந்தோம். ஓடாத கடிகாரத்துக்கு இவ்வளவு இடமா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள்.

டென்னிஸும் கூடவே வந்துவிட்டார். நான் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனால் சாயங்காலம் செபமாலை சொல்லும்போது முதுகுக்குப் பின்னால் ஒருவர் இருமலை அடக்குவது எனக்குத் தெரிந்தது. எனக்கு அது ஆறுதல். சுகிர்தாவுக்கு அப்படியில்லை. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், துரும்பாக இளைத்துவிட்டாள்.

"ஓட விட்டுடும்மா. எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

பெற்ற பிள்ளையா, செத்த புருஷனா? வில்சனை வரச் சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் ஆனபின் வில்சன் வேலையைத் தொடங்கினார். மூன்று குண்டும் ஒரே எடை இல்லையாம். வீடு மாறுவதற்காகக் கழற்றும்போதே இடது, நடு, வலது என்று எழுதித் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதனதன் இடத்தில் மாட்டிவிட்டுப் பெண்டுலத்தை ஆட்டினார்.

டிக்டாக்... டிக்டாக்... ஒன்று நீண்டு, ஒன்று குறுகி.

சுகிர்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூவம் பக்கம் வண்டியிலிருந்து விழுந்ததில் டென்னிஸுக்கு வலது கால் குட்டை. அவர் தெருமுனை திரும்பும்போதே காலடிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துத் தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன். அதே நடை.

"தரை மட்டமா இல்ல அண்ணி. பொட்டி சாஞ்சிருக்கு, அதான் நொண்டுது. ஒரு பக்கம் அட்டைய வச்சா சரியாயிடும்."

"வைக்காதீங்க தம்பி. இப்படியே ஓடட்டும்."

"இப்படி ஓடாது அண்ணி. நின்னுடும்."

நின்றது. நான் ஆட்டினேன். கொஞ்ச தூரம் நொண்டி வந்து மறுபடி நின்றது. டென்னிஸ் இறந்த அன்றைக்கு மதியம் என் மடியில் அவர் மூச்சு இழுத்து இழுத்து அடங்கியதும் இப்படித்தான். திரும்பவும் பெண்டுலத்தில் கை வைத்தேன்.

"அப்பாவ இன்னும் எத்தன தடவம்மா சாவடிப்ப?" என்று கத்தினாள் சுகிர்தா.

வில்சன் கையிலிருந்த அட்டையை வாங்கி நானே பெட்டியின் அடியில் செருகினேன். வில்சன் காது வைத்துக் கேட்டு, இன்னும் கொஞ்சம் என்றார். செருகினேன்.

டிக், டாக், டிக், டாக். நேரான நடை. யாரோ தெரியாத ஆள் வீட்டுக்குள் நடப்பதுபோல இருந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. நாலு மணி ஆனதும் மெட்டிசைத்துவிட்டு மணி அடித்தது.

அந்த ஓசை அடங்கியபிறகு மூன்று பேருக்கும் கேட்டது. கடிகாரத்திலிருந்து இல்லை, சமையற்கட்டிலிருந்து. ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து, டைல்ஸ் தரையில் கூடத்தைக் கடந்து வாசல்வரை. வில்சன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் காலடி நின்றது.

மகாராஜா தன் கையால் ஒரு நாளாவது கதவைத் திறந்ததுண்டா? நான்தான் எழுந்து போய்த் திறந்தேன். வெளியே வெயிலில் கண் கூசியது.

அவர் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் சொல்வதுதான் வாய்வரை வந்தது. போயிட்டு வாங்க. சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சுகிர்தா பின்னால் வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"போங்க," என்றேன்.