இடது தோள் பட்டி

என் அக்கா வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஓரவஞ்சனையாகப் பேசுகிறேன் என்று யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். மாமா என்று கூப்பிடுகிறேன் என்றால் அது வாய்க்குப் பழகிப்போன வார்த்தை, அவ்வளவுதான்.

அக்காவும் மாமாவும் பழைய சாமான் கடை வைத்திருந்தார்கள். யாராவது வீடு காலி செய்தால் போய் ஃப்ரிட்ஜ், சோபா, கட்டில் எல்லாவற்றையும் வாங்கி வந்து, துடைத்து, தட்டிச் சரிசெய்து, இன்னொரு வீட்டுக்கு விற்பார்கள். வண்டி ஓட்டுவது நான், தூக்குவது அவர்கள். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. இனிமேல் கனமாக எதையாவது தூக்கினால் நேராக என்னிடம்தான் வருவாய் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நாங்கள் சாமான் கொண்டுபோகிற கட்டடங்களில் பாதிக்கு லிஃப்ட் கிடையாது. படிக்கட்டும் குறுகல். ஒரு ஃப்ரிட்ஜை இரண்டு பேர் படியேற்றினால் கீழே நிற்கிறவர் தலையில்தான் முக்கால் பாரமும் விடியும். மாமா எப்போதும் மேலே நிற்பார். "வழி பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல?" என்பார். கீழே அக்கா. கல்யாணமான புதிதிலிருந்தே இந்த ஏற்பாடுதான்.

அதோடு விட்டிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அவருக்கு ஒரு விளையாட்டு இருந்தது. படி திரும்புகிற இடத்தில், ஃப்ரிட்ஜ் சாய்ந்து நிற்கிற நேரம் பார்த்து, கையைக் கொஞ்சம் தளர்த்துவார். மொத்தப் பாரமும் அக்கா நெஞ்சில் வந்து இடிக்கும். அவள் அலறுவாள். மாமா கெக்கெக்கே என்று சிரிப்பார்.

"சும்மா கை வழுக்கிடுச்சு. பயந்துட்டியா? நான் ஒருத்தன் பிடிக்கலேன்னா நீ நசுங்கித் தகடாயிருப்ப. ஞாபகம் வெச்சுக்க."

ஃப்ரிட்ஜ் வாங்குகிற வீட்டுக்காரர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். புருஷன் பெண்டாட்டி கேலி என்று நினைப்பு. அந்த முகங்களை எல்லாம் இப்போது பார்த்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

ஒருநாள் அந்த விளையாட்டில் ஒரு வாஷிங் மெஷின் நழுவி அக்காவின் கால் கட்டைவிரல் மேல் உட்கார்ந்தது. நகம் கறுத்துக் கழன்றே விட்டது. மாமா அன்றைக்கும் சிரித்தார், கொஞ்சம் மெதுவாக.

காலைக் கீழே வைக்க முடியாமல் வீட்டில் கிடந்த நாட்களில்தான் அக்கா அந்தப் பட்டியைத் தைத்தாள். கார் உடைக்கிற இடத்தில் பழைய சீட் பெல்ட்டுகளை வாங்கி வந்து கொடுத்தது நான். கோணி ஊசி, மெத்தை தைக்கிற நூல், தோளில் அறுக்காமல் இருக்கக் கிழிந்த சோபாவிலிருந்து எடுத்த ஸ்பாஞ்சு, அதற்கு ஒரு துணி உறை. தோளுக்கு இரண்டு பட்டி, இடுப்பைச் சுற்றி ஒன்று, சாமானுக்கு அடியில் கொடுத்து மேலே வாங்குவதற்கு ஒன்று. ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, மாட்டி இறுக்கி, முன்னால் குனிந்து எழுந்தால் போதும். பாரம் இடுப்பில் இறங்கிவிடும். இரண்டு கையும் சும்மா இருக்கும், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறலாம். கீழே ஒரு ஆள் வேண்டாம். மேலேயும் வேண்டாம்.

முதல்முறை அவள் தனியாக ஒரு ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது மாமாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று கத்திப் பார்த்தார். அக்காவுக்கே வழி தெரிந்தது. கடைசியில் ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து கழற்றி வைத்திருந்த காய்கறி ட்ரேயைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அக்கா ஃப்ரிட்ஜைத் தூக்குது, அண்ணன் ட்ரேயைத் தூக்குறாரு!"

அவ்வளவுதான். ஒரு வாரத்தில் கடைத்தெரு முழுக்க மாமாவின் பெயர் ட்ரே ஆகிவிட்டது. "என்ன ட்ரே, சாப்பிட்டாச்சா?" "ட்ரே, கனமா இருந்தா சொல்லு, நான் ஒரு கை பிடிக்கிறேன்." நானும் சொன்னேன். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி மாளாது. அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இத்தனைக்கும் அக்கா மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் ஒரு சாயங்காலம், கடையில் நாலு பேர் இருக்கும்போது, ஒரு தச்சர் "அம்மா, ட்ரே அண்ணனை வீட்லயே விட்டுட்டு வாங்களேன், வண்டியில இடமாச்சும் மிச்சமாகும்" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்றைக்குக் கடை சாத்துகிற நேரத்தில் வண்டிச் சாவியை எடுக்க நான் பின்கட்டுக்குப் போனேன். மாமா ஒரு பீரோவின் மறைவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பட்டி. இடது தோளின் உறையைப் பிரித்து, ஸ்பாஞ்சை ஒதுக்கி, தோள் பட்டியும் அடிப் பட்டியும் சேருகிற இடத்தில் இருந்த தையலை ப்ளேடால் ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. நகம் வெட்டுகிற மாதிரி நிதானமாக அறுத்தார். பிறகு ஸ்பாஞ்சை உள்ளே வைத்து, உறையை மூடி, பழைய மாதிரியே தைத்துவிட்டார். அவருக்கு ஊசி பிடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சத்தம் போடாமல் வெளியே வந்து, வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"இடது. வெளியில இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது."

"மொத்தமா அறுத்துட்டாரா?"

"நாலஞ்சு தையல் விட்டிருக்காரு. எழுந்திருக்கிற வரைக்கும் தாங்கும். படியில ஒரு குலுக்கு குலுக்கினா போச்சு. அக்கா, அந்த ஆளு உன்னைக் கொல்லப் பார்க்கிறாரு!"

"கத்தாதடா." அவள் முடிச்சை இழுத்து இறுக்கினாள். "கொல்றதுக்கு இல்ல. நான் விழணும். விழுந்து கிடந்து அவரைக் கூப்பிடணும். அதுக்குத்தான். நீ எதையும் பார்க்கல, சரியா?"

மறுநாள் ஒரு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜை ஒரு டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. காலையில் வண்டியில் ஏறும்போது "தச்சுட்டியா?" என்று காதோரம் கேட்டேன். "வண்டியை எடு" என்றாள். வழியெல்லாம் மாமா சீட்டியடித்துக்கொண்டு வந்தார். வழக்கத்துக்கு மாறாக என்னிடம் பிரியமாகப் பேசினார்.

ஃப்ரிட்ஜை இறக்கிக் கட்டடத்து வாசலில் நிறுத்தினோம். அக்கா பட்டியைக் கையில் எடுத்தாள். உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"என்னங்க, எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. இன்னிக்கு நீங்க தூக்குங்க."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டு பேருமா கையில தூக்கலாம்" என்றார்.

"குனியவே முடியலங்க."

"அப்போ நாளைக்கு வருவோம்."

டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கா? பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்தாச்சே. பால் எல்லாம் வெளியில இருக்கு" என்றார். முதல்மாடி ஜன்னலில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. வாட்ச்மேன் ஏற்கெனவே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அதே கட்டடம், அதே வாட்ச்மேன்தான், மாமாவுக்குப் பெயர் வைத்தவன்.

"ட்ரே அண்ணனுக்குப் பயம் வந்துடுச்சு டீச்சர்."

"எவனுக்குடா பயம்?" என்று மாமா எகிறினார். பிறகு அக்காவைப் பார்த்து, "இது பொம்பள அளவு. எனக்குச் சேராது" என்றார்.

"எல்லா அளவுக்கும் இழுக்கலாம்." அக்கா கொக்கிகளைத் தளர்த்தி, அவரைக் குந்தவைத்து, அவள் கையாலேயே மாட்டி இறுக்கிவிட்டாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பை மாட்டிவிடுகிற மாதிரி தோளைத் தடவிச் சரிசெய்தாள். மாமாவின் வலது கை தானாகவே இடது தோளுக்குப் போனது. ஸ்பாஞ்சை அமுக்கிப் பார்த்தது. உறைக்குள் இருப்பது விரலுக்கு எப்படித் தெரியும்?

"என்ன பார்க்கிறீங்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல."

எழுந்தார். பட்டி தாங்கியது. தாங்கும் என்று அவருக்குத் தெரியும், அதற்குத்தானே நாலு தையல் விட்டிருந்தார். அக்கா என்னை ட்ரேயோடு முன்னால் போகச் சொன்னாள். அவள் அவருக்குப் பின்னால் வந்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். இடது பட்டி அறுந்தால் ஃப்ரிட்ஜ் இடதுபக்கம் சரிந்து ஆளைப் பின்னால் இழுக்கும். ஆளும் ஃப்ரிட்ஜும் சேர்ந்து போய் விழுகிற இடத்தில்தான் அவள் நின்றாள். தைத்திருந்தால் சொல்லியிருப்பாளே என்று நினைத்தேன். தைக்காமல் அங்கே நிற்க இவளுக்கென்ன பைத்தியமா என்றும் நினைத்தேன். வாயைத் திறக்கப் போனபோது அவள் என்னை முறைத்தாள். வாயை மூடிக்கொண்டு ட்ரேயோடு ஏறினேன்.

முதல் திருப்பத்தில் மாமா நின்றார். சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

"நீ பின்னாடி வராத" என்றார்.

"ஏங்க?"

மேலே ஏறினார். ஒவ்வொரு படியிலும் காலை வைத்துப் பார்த்து, முட்டை மேல் நடப்பதுபோல் நடந்தார். இரண்டாவது திருப்பத்தில் ஃப்ரிட்ஜின் மூலை சுவரில் மெதுவாக உரசியது. மாமா "அம்மா" என்று முனகிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு வீட்டுக் கதவு திறந்தது. பனியன் போட்ட ஒருவர் பல் தேய்த்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

"பின்னாடி வராதன்னு சொல்றேன்ல" என்றார் மாமா. குரல் கிழிந்திருந்தது.

"அதான் கேட்கிறேன். ஏன்? ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"சொல்றதா இருந்தா சொல்லுங்க. இறக்கி வெச்சுட்டுப் பேசலாம்."

அவர் என்னைப் பார்த்தார், பனியன்காரரைப் பார்த்தார். கீழேயிருந்து வாட்ச்மேன் "ட்ரே, உயிரோட இருக்கியா?" என்று குரல் கொடுத்தான். சொல்லிவிடு மனுஷா என்று எனக்குள் கெஞ்சினேன். பட்டியில் கோளாறு என்று ஒரு வார்த்தை போதும். அவள் பிழைத்துப்போவாள். இவரும் பிழைத்துப்போவார். மாமா உதட்டை நக்கிக்கொண்டார். "நட" என்றார் என்னிடம்.

கடைசி மாடிக்கு அவர் எப்படி ஏறினார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவிக்கொண்டே ஏறினேன். காதில் விழுந்ததெல்லாம் அவர் மூச்சும், பட்டி இறுகுகிற சத்தமும்தான்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் குந்தி உட்கார்ந்து ஃப்ரிட்ஜைத் தரையில் இறக்கினார். இறக்கியவர் எழுந்திருக்கவில்லை. அக்கா குனிந்து கொக்கிகளை நிதானமாகக் கழற்றினாள். இடுப்புவலியைக் காணோம். டீச்சர் தரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னங்க இது, தண்ணி ஒழுகுது? ஓட்டை ஃப்ரிட்ஜையா கொண்டு வந்திருக்கீங்க?"

"ஃப்ரிட்ஜ் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் அக்கா.

டீச்சருக்கு அப்புறம்தான் புரிந்தது. துடைக்கிற துணியை எடுத்து வந்து, கொஞ்சம் தள்ளி நின்றபடி கீழே போட்டார். மாமா அதை எடுத்துத் தன்னைச் சுற்றி இருந்த இடத்தைத் தானே துடைத்தார். இதைத்தான் இத்தனை வருஷமாகப் பார்க்க வேண்டும் என்று கிடந்தேன். பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படியில் இறங்கும்போது, யாரும் இல்லாத இரண்டாவது திருப்பத்தில், அக்கா நின்றாள். பட்டியை எடுத்து இடது தோளின் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஸ்பாஞ்சை ஒதுக்கி அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். உள்ளே புது நூலில், நெருக்கமாக, மூன்று வரிசை தையல்.

"நேத்தே தச்சுட்டேன்" என்றாள். "நான் விழணும்னு நினைச்சீங்க. அதுகூடப் பரவாயில்ல. கோவம், போகட்டும்னு விட்டிருப்பேன். ஆனா உங்களுக்குக் கீழேயே நின்னு கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். அப்பவும் சொல்லல."

மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈரக் கால்சட்டை தொடையில் ஒட்டியிருந்தது.

"நாளையிலேருந்து நீங்கதான் தூக்குறீங்க" என்றாள் அக்கா. "எனக்கு இடுப்பு சரியாகுற மாதிரி தெரியல."

"பட்டி?"

"பட்டி என்கிட்ட இருக்கும். தைக்கிறது, பிரிக்கிறது எல்லாம் நான் பார்த்துக்கிறேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதர் அவளிடம் தணிந்த குரலில் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நாளைக்கும் தச்சு வெச்சிருப்பியா?"

அக்கா பட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கியிருந்தாள். திரும்பவில்லை.

"போட்டுக்கிட்டு ஏறிப் பாருங்க, தெரியும்."