முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சதவீதம்

நாலரை மணிக்கு எனக்குப் பூ வைக்க வருகிறார்கள். மூன்று வருடமாக "அந்தப் பொண்ணு வேணாம்" என்று பிடிவாதமாக இருந்த, நான் கட்டிக்கொள்ளப் போகும் பாலகுருவின் அம்மா போன வாரம்தான் மனம் இறங்கியிருந்தார். மூன்றரைக்கு நான் ஆபீஸை விட்டுக் கிளம்பியாக வேண்டும். மூன்று இருபத்தெட்டுக்கு எங்கள் முதலாளி ஜவஹர் அலி பாய் என் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத் தொலைத்தார்.

காரைக்கால் கடைத்தெரு மாடியில் எங்கள் ஆபீஸ். கப்பல் சரக்குக் காகிதங்களை ஸ்கேன் செய்து, அதிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்து துபாய்க்கு அனுப்புகிறோம். பிரித்தெடுப்பது ஒரு லினக்ஸ் சர்வர். அது எவ்வளவு உழைக்கிறது என்று 'டாப்' என்ற கட்டளை காட்டும். அன்று சிபியு என்ற இடத்தில் 392 சதவீதம் என்று இருந்தது.

"நூத்துக்கு மேல எப்படிங்க போவும்? வெடிச்சிரப் போவுது!" என்று அலறினார் பாய். "நூத்துக்குக் கீழ எறங்குற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போவக் கூடாது."

யாரும் என்றால் நான்தான். அந்த ஆபீஸில் லினக்ஸ் தெரிந்த ஒரே ஜீவன்.

"பாய், இந்த மிஷின்ல எட்டு கோர் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நூறு. மொத்தம் எண்ணூறு. கல்யாண வீட்டுல எட்டு அடுப்பு போட்டு, நாலுல மட்டும் சட்டி ஏத்துன மாதிரி. பாதிதான் ஓடுது."

"அடுப்புன்னா பக்கத்துல ஆள் நிப்பாங்க சுகிர்தா. நீங்களும் நில்லுங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அம்மாவின் போன் வேறு. "அம்பகரத்தூர்லேருந்து அவங்க கார் கெளம்பிருச்சாம். எங்கடி இருக்க?" தலை இல்லாமல் பூவை எங்கே வைப்பார்கள்?

கோபத்தில் ஒரு வேலை செய்தேன். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு 'ஐ' எழுத்தைத் தட்டினேன். 392 பொசுக்கென்று 49 ஆனது.

"மாஷா அல்லாஹ்!" பாய் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். டீ சொன்னார். சமோசாவும் சொன்னார். நான் பையைத் தூக்கித் தோளில் மாட்டியதும் முன்னால் வந்து நின்றார். "ஒரே தட்டுல எறக்கிட்டீங்க. உங்களப் போயி எப்படிங்க அனுப்புறது? மறுபடி ஏறுனா யாரு தட்டுவா?"

செய்த தந்திரம் என் கழுத்துக்கே சுருக்காகிவிட்டது. இனி உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை.

"நான் எதையும் எறக்கல பாய். அது ஓடுற வேகத்துலதான் ஓடுது. மொத்தத்தை எட்டால வகுத்துக் காட்டுன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

மறுபடி தட்டினேன். 392. இன்னொரு தட்டு. 49. அவர் முகம் சுருங்கியது.

"என்னை ஏமாத்துனீங்களா?"

"ஆமா. எனக்கு இன்னிக்குப் பூ வைக்கிறாங்க. மூணு வருஷமா காத்திருந்தேன் பாய்!" காலையில் வெட்கப்பட்டுக்கொண்டு 'வீட்டுல சின்ன வேலை' என்று மட்டும் சொல்லி வைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம்.

பாய் சர்வரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு அவரே தட்டினார். 392. 49. 392. வாயைப் பிளந்துகொண்டு இன்னும் நாலு தடவை தட்டினார்.

"அப்ப எட்டுல நாலு சும்மாதான் இருக்கா?"

"சும்மாதான் பாய்."

"அதுவே சும்மா இருக்கு, நீங்க எதுக்கு இங்க நின்னு தவிக்கிறீங்க? ஏறுங்க வண்டியில!"

அவருடைய ஸ்கூட்டரில் கோட்டுச்சேரி வரைக்கும் பறந்தோம். வழியெல்லாம் ஹார்ன். நாலு இருபத்தேழுக்கு வீட்டு வாசலில் குதித்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்துப்போய், முகத்தைக் கழுவவைத்து, புடவையைச் சுற்றி மணையில் உட்காரவைத்தாள். ஒரு முந்தானை மடிப்புக்கூட ஒழுங்காக இல்லை. கூடத்து ஓரத்தில் பாய் வியர்த்து வழிந்து நிற்க, எதிரே பாலகுரு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்க, எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்க உடம்பெல்லாம் குலுங்கியது. அம்மா கண்ணால் எரித்தாள்.

பாலகுருவின் அம்மா மல்லிகைச் சரத்தோடு என் முன்னால் குனிந்தார். இரண்டு தடவை தலையில் செருகிப் பார்த்தார். இரண்டு தடவையும் நழுவி மடியில் விழுந்தது. அம்மா பதறிக்கொண்டு முன்னால் வந்தாள்.

அவர் சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா சிரிச்சு முடிம்மா. அப்பறமா வைக்கிறேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."