சரி, சரி, சம்மதம்

தன் கடை நோட்டீஸை உடனே அடித்துத் தரச் சொல்லி மருந்துக்கடைக்காரர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அச்சகக்காரர் மசியவில்லை.

"படிச்சுட்டேன், பிரமாதமா இருக்கு, அடிச்சுடுங்க."

"எங்க படிச்சீங்க? தாளை வாங்கினீங்க, திருப்பி நீட்டினீங்க. உக்காருங்க. ஒவ்வொரு வரியா விரலை வெச்சுப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. அப்பத்தான் மெஷினைத் தொடுவேன்."

மருந்துக்கடைக்காரர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். கடையில் ஆள் காத்திருக்கும், மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்றெல்லாம் புலம்பியபடி விரலை நகர்த்தியவர், கடைசி வரியில் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஐயையோ, என் ஃபோன் நம்பரே மாறியிருக்கே!"

"வாங்க வழிக்கு" என்றார் அச்சகக்காரர். அவர் முகத்தில் அப்போது தெரிந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பிழை அவருடையதுதான். ஆனால் அச்சேறுவதற்கு முன் பிடிபட்ட பிழை அவருக்குப் பிழையே இல்லை. எழுத்தின் மேல் ஒரு புள்ளி விழாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் தெருவில் அவருக்குப் புள்ளிக்காரர் என்றே பெயர். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கும். 'படித்துப் பார்த்த பின் கையெழுத்திடவும்.' வருகிறவர்களைப் பார்த்தபடி இருக்குமே தவிர, அவர் கண்ணில் அது படாது.

மருந்துக்கடைக்காரர் போனதும் புள்ளிக்காரர் கணினி முன் உட்கார்ந்தார். அச்சு வேலைக்கு வேண்டிய பூ பார்டர்களை யாரோ ஒரு புண்ணியவான் தன் இணையப் பக்கத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருந்தார். அதில் ஒன்றை எடுக்க வேண்டும். ஆனால் எடுக்க விட்டால்தானே! அதைத் தேடிப் போன வழியில் வேறு ஏதோ பக்கம் திறந்ததுமே ஒரு பெட்டி குதித்து வந்து, 'வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்' என்று மணியடித்தது. அதை மூடினால் தொப்பையைக் குறைக்கச் சொல்லி ஒன்று. 'பதிவிறக்கு' என்ற பச்சைப் பொத்தான் நாலைந்து இடத்தில் மின்னியது. எது நிஜம், எது டூப்பு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"நாசமாப் போற விளம்பரம்!" என்று கத்தினார்.

பக்கத்து மேசையில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி சிரித்துவிட்டாள். "தெரு பூரா நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கறது யாராம்? விளம்பரத்தைத் திட்டற மூஞ்சியைப் பாரு!"

"என் நோட்டீஸ் யார் சட்டையையாவது பிடிச்சு இழுக்குதா? வேணும்னா படிப்பாங்க, வேண்டாம்னா மடிச்சுப் பையில போட்டுக்குவாங்க. கீழே நம்ம அச்சகத்துப் பேர் இருக்கும். தப்பா இருந்தா நேரா வந்து என்னைத்தான் கேப்பாங்க. இவனுங்களை யாருன்னு போய்க் கேக்கறது?"

"அதுக்குத்தான் விளம்பரத் தடுப்பான்னு ஒண்ணு இருக்கு. சாயந்திரம் நல்லதாப் பார்த்துப் போட்டுத் தரேன். அதுவரைக்கும் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அச்சடித்த கட்டைக் கொடுத்து வரக் கிளம்பினாள்.

சும்மா இருக்கிற ஆளா அவர்? அவள் படியிறங்கிய மாத்திரத்தில் திரையில் இன்னொரு பெட்டி குதித்தது. 'விளம்பரத் தொல்லையா? ஒரே சொடுக்கில் விடுதலை!' ஆகா, தேடிப்போன மருந்து தேடி வருகிறதே என்று புள்ளிக்காரர் அதை அழுத்தினார். பொடி எழுத்தில் ஏதோ நீளமாகக் கேட்டது. சரி என்று அழுத்தினார். இன்னும் பொடியாக இன்னொன்று கேட்டது. சரி. கடைசியாக ஒன்று. சம்மதம். விளம்பரத்தை ஒழிக்கும் சரக்கை விளம்பரமே கொண்டுவந்து விற்கிறதே என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

பெட்டிகள் நின்றன. மனைவி வந்ததும், "நானே போட்டுட்டேன்" என்று மார்தட்டிக்கொண்டார். "எங்கேருந்து எடுத்தீங்க?" என்று அவள் கேட்டபோது, "எல்லாம் நல்ல இடந்தான்" என்று மழுப்பினார். வேலை தலைக்கு மேல் இருந்ததால் அவளும் விட்டுவிட்டாள்.

சில நாள் நிம்மதியாகப் போயிற்று. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளின் அடையாள அட்டை வேலை வந்திருந்தது. அந்தப் பள்ளிக்கூட வேலைதான் அச்சகத்தை நிமிர்த்தி வைத்திருந்தது. பிள்ளைகளின் படம், வீட்டு விலாசம், பெற்றோர் தொலைபேசி எண் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்புவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அன்று காலை, பள்ளியின் சின்னத்தை எடுக்க அவர்களுடைய இணையப் பக்கத்தைத் திறந்த புள்ளிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டடத்தின் படத்துக்குப் பக்கத்தில் வழுக்கைத் தலையில் முடி முளைக்கும் எண்ணெய். கீழே அரைகுறை உடுப்பில் ஒரு பெண் கண்ணடித்துக்கொண்டிருந்தாள்.

பிழை கண்டால் அவருக்குப் பொறுக்காதே! உடனே தலைமையாசிரியையைத் தொலைபேசியில் பிடித்தார். "என்ன டீச்சர் இது கண்றாவி? பிள்ளைங்க பார்க்கற பக்கத்துல போடற படமா?"

"எங்க பக்கத்துல விளம்பரமே கிடையாது சார்."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? கண் முன்னாடி கண்ணடிக்கறா! மேற்பார்வை பார்க்க வேண்டாமா?" என்று ஒரு பாட்டம் கத்திவிட்டுத்தான் வைத்தார்.

மனைவி தன் கைபேசியில் அதே பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தாள். கட்டடம், மரம், பிள்ளைகள். எண்ணெயும் இல்லை, கண்ணடிக்கிறவளும் இல்லை.

"நீங்க போட்ட தடுப்பான் மத்தவன் விளம்பரத்தை எடுத்துட்டுத் தன்னோடதை ஒட்டுது" என்றாள். கணினியில் அதன் விவரத்தைத் தேடித் திறந்து பொடி எழுத்தைப் பெரிதாக்கினாள். "இந்தாங்க, இப்பவாவது படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் பார்க்கவும், மாற்றவும், பார்த்ததைப் பிறருக்கு அனுப்பவும் அவரே சம்மதித்திருந்தார். அடியில் செய்தவன் பேர் இல்லை. விலாசம் இல்லை.

"பிள்ளைங்க விலாசம்..." என்று பதறி மின்னஞ்சலைத் திறக்கப் போனார்.

"கையை எடுங்க! திரும்பவும் அது கண்ணு முன்னாடியே கடவுச்சொல்லை அடிக்கப் போறீங்களா?" அவள் தடுப்பானைப் பிடுங்கி எறிந்தாள். தன் கைபேசியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றினாள். உள்ளே போய்ப் பார்த்தாள்.

"பிள்ளைங்க விவரம் இன்னும் வரலைங்க."

"அப்பாடா!" என்று நாற்காலியில் விழுந்தார். கொஞ்சம் மூச்சு வந்ததும், "அதான் எடுத்தாச்சே. இனி அவங்க அனுப்பட்டும். இதைப் போய்ச் சொல்லணுமா என்ன? வேலையே கைவிட்டுப் போயிடும்" என்றார் சன்னமாக.

"அச்சுல தப்பு விழுந்தா, அவங்க பார்க்கறதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லுவீங்களே. இது மட்டும் தப்பில்லையா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். அந்த ஒரு தெருவைக் கடப்பதற்குள் திரும்பிவிடலாமா என்று எத்தனை தடவை நின்றாரோ!

தலைமையாசிரியை கடுகடுவென்றுதான் வரவேற்றார். புள்ளிக்காரர் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். பொடி எழுத்தைப் படிக்காமல் சம்மதம் சொன்னதையும், தப்பைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு அவர்மேல் பாய்ந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். "உங்க பழைய கடிதங்களையும் அது பார்த்திருக்கலாம். வேலையை வேற இடத்துல குடுத்தாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அந்த அம்மாள் சட்டென்று சிரித்துவிட்டார். "காலையிலயே அனுப்பறதா இருந்தேன் சார். எல்லாம் தயாரா எடுத்து வெச்சாச்சு. நீங்க ஃபோன்ல கத்தின கத்துல, இந்த ஆளுக்கு இன்னிக்கு அனுப்ப மாட்டேன்னு கோவத்துல மூடி வெச்சுட்டேன்."

புள்ளிக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நீங்களா வந்து சொன்னீங்க, அதனால வேலை உங்களுக்குத்தான்" என்றவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு. நோட்டீஸ்ல ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னு எங்களைப் படிக்க வெக்கறீங்க. வீட்டுச் சாவியைக் குடுக்கறப்ப நீங்க ஒரு வரி படிக்கலையே சார். திரையில சரின்னு அழுத்தறதும் கையெழுத்துத்தான்."

கனத்த மனசோடு போனவர் காற்றாகத் திரும்பி வந்தார். அன்று மத்தியானமே இருவரும் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். இந்த முறை குதித்து வந்த பெட்டி எதையும் தொடாமல், இணைய உலாவியைச் செய்தவர்களே நடத்தும் கடைக்குள் போய்த் தேடினார்கள்.

"எந்தத் தடுப்பானும் பக்கத்தைப் பார்த்தாத்தான் விளம்பரத்தைத் தூக்க முடியும். அதனால பார்க்கறவன் யாருன்னுதான் பார்க்கணும்" என்றாள் மனைவி.

"நம்ம நோட்டீஸ் மாதிரி. கீழே பேர் இருக்கான்னு பாரு."

செய்தவர்களின் பெயரும் விலாசமும் வெளிப்படையாக இருந்த, பல காலமாகப் பலர் பயன்படுத்திக் குறைநிறை எழுதியிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அனுமதி கேட்ட பெட்டியைப் புள்ளிக்காரர் விரல் வைத்து, வாய்விட்டு, வரி வரியாகப் படித்தார். மனைவி கொட்டாவி விட்டாள். அவர் கண்டுகொள்ளவில்லை. முழுதும் முடித்த பிறகே சரி என்று அழுத்தினார். பிறகு, "அந்தப் பூ பார்டர்காரர் பக்கத்துல மட்டும் தடுக்க வேண்டாம்னு சொல்லிடு. ஓரமா ஒரே ஒரு விளம்பரம் போட்டுத்தான் அவர் பொழைக்கறார். அதுகிட்ட ஒரு தொந்தரவும் இல்லை" என்றார். அவளும் விலக்கு கொடுத்தாள்.

சாயந்திரம் இன்னொரு நோட்டீஸ் கட்டை வாங்க வந்த மருந்துக்கடைக்காரர், உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது.

"எங்க சார் நம்ம போர்டு? இனிமே படிக்காமலே கையெழுத்துப் போடலாமா?"

"ஆசையைப் பாரு! உங்களுக்குப் புதுசா ஒண்ணு அடிச்சு மாட்டப் போறேன்."

"பழசு?"

புள்ளிக்காரர் எழுந்து நகர்ந்து நின்றார். சிவப்பு எழுத்துப் பலகை கணினிக்கு நேர் மேலே, அவர் நாற்காலியைப் பார்த்தபடி தொங்கியது.

"ஊருக்கெல்லாம் படிச்சுப் பார்த்துச் சம்மதம் சொல்லுங்கன்னு மாட்டி வெச்சிருந்தேன்" என்றார். "அதை முதல்ல படிக்க வேண்டிய ஆள் நான்தான்."