சூசையைத் தொலைத்த வழக்கு

1927ஆம் ஆண்டு மார்ச் மாதம், பினாங்கு கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய சூசை வீடு போய்ச் சேரவில்லை. நடந்தால் பத்து நிமிடத் தூரம். மழையுமில்லை, அவர் குடித்திருக்கவுமில்லை. அவரும் இராயப்பனும் ஒன்பது ஆண்டுகளாக ஒரே அறையில் குடியிருந்தவர்கள். எதிர்க்கரையிலுள்ள பிறை ரயில் பட்டறையில் ஒன்றாக வேலை, ஒன்றாகப் படகேறிப் போய் ஒன்றாகத் திரும்புவார்கள். இருவருக்கும் இந்த ஊரில் வேறு நாதி கிடையாது. வழக்குக்குச் சில நாள் முன்பு, இறைச்சி ஆகாத தவக்கால வெள்ளியொன்றில் கடைசிக் கருவாட்டுத் துண்டைச் சூசை பூனைக்குப் போட்டுவிட்டார். பசி வந்தால் இராயப்பனுக்குக் கண் தெரியாது. தெருவே பார்க்க, "உன்னைத் தொலைச்சுப்புடுவேன்டா!" என்று கத்தினார். சூசைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே போலீசுக்குப் போனார். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லைக் 'கொன்றுவிடுவேன்' என்று ஆக்கிவிட, மிரட்டியதற்கு இராயப்பனுக்கு மூன்று மாதச் சிறை என்று தீர்ப்பாயிற்று. அதைக் கேட்ட சூசை அழுதுகொண்டே வெளியே போனார். போனவர் போனவர்தான்.

அதன்பின் அவரைப் பார்க்காதவர்கள் இல்லை. சந்தையில் பார்த்தார்கள், தண்ணீர்மலைத் தைப்பூசக் கூட்டத்தில் பார்த்தார்கள், புக்கிட் மெர்தாஜாம் ரயில் ஸ்டேஷனிலும் பார்த்தார்கள். எல்லோரிடமும் தன் வீட்டுக்கு வழி கேட்டார். இரக்கப்பட்டுக் கைபிடித்துக் கூட்டி வந்தவர்களும் உண்டு. வீட்டுச் சந்து முனைவரை அவர் கை இவர்கள் கைக்குள் இருக்கும். சந்துக்குள் திரும்பினால் ஆளே இருக்காது. மீன் விற்கும் சலேஹா இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு, "நம்மால ஆகாதுலா, இராயப்பண்ணே" என்று கைவிரித்துவிட்டாள்.

பிணையில் வந்த இராயப்பன் அப்பீல் செய்தார். சிறைக்குப் பயந்து என்று ஊர் பேசியது, ஊருக்கென்ன தெரியும்! சொன்ன சொல் செல்லாது என்று துரை எழுதிவிட்டால் சூசை வந்துவிடுவான் என்பதே அவர் எண்ணம். அப்பீலில் மொழிபெயர்த்த ஷேக் அலாவுதீன், தொலைப்பது என்றால் குடையைத் தொலைப்பது போலத்தான் என்று விளக்கினார். நீதிபதி சிரித்துவிட்டுத் தண்டனையை ரத்து செய்தார். இராயப்பன் கூண்டை விட்டு இறங்கவில்லை.

"தண்டனை கெடக்கட்டும் தொரை. அந்தச் சொல்லை அடிச்சுடுங்க. தொலைச்சுப்புடுவேன்னு சொன்னேன், தொலைச்சுட்டேன்."

சொல்லை அடிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் நீதிபதி. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று நம்மவர்கள் சொல்வது கோர்ட்டுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

ஏழு ஆண்டுகள் இராயப்பன் இரண்டு பேருக்குச் சோறாக்கினார். ஞாயிறு பூசையில் பக்கத்து இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை. பேச ஆளில்லாமல் சட்டியோடும் பானையோடும் பேசினார், பாவம். 1934இல், பிறைப் படகுத்துறையில் தலை நரைத்த ஒருவர் அவரை நிறுத்தினார். சூசைதான். அவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை.

"அண்ணே, இராயப்பன்னு ஒருத்தர் வீட்டுக்கு எப்படிப் போகணும்? கோவக்காரர்தான். ஆனா நான் போகாம சாப்பிட மாட்டார்."

கூட்டிப் போனால் சந்து முனையில் இந்தக் கை போய்விடும் என்று இராயப்பனுக்குத் தெரியும்.

"எனக்கும் வழி தெரியலை தம்பி" என்று சூசையின் கையைப் பிடித்துக்கொண்டார். "வா, தேடுவோம்."

அன்றிலிருந்து இராயப்பனும் வீடு திரும்பவில்லை. வீட்டுக்காரர் ஒரு மாதம் பார்த்துவிட்டு அறையை வேறொரு குடும்பத்துக்கு விட்டார். இப்போது இருவரும் சேர்ந்தே வழி கேட்டு வருகிறார்கள். கேட்டால் ஊரார் கடற்கரையைக் காட்டுவார்கள், மலையைக் காட்டுவார்கள். அந்த வீட்டுச் சந்துக்கு மட்டும் யாரும் வழி காட்டுவதில்லை.