மெரூன் வார் வைத்த செருப்பு

கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஏசுவடியாளுக்குச் செருப்பை மாட்டிப் பின்வாரைப் பூட்டினார் பிரபுதாஸ். கடைக்கு வருகிறவர்களுக்கு நாள்தோறும் செய்கிற வேலைதான். சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் கடை வைத்துப் பாதி ஊருக்குச் செருப்பு மாட்டிவிட்டவர் அவர். சொந்தப் பெண்டாட்டிக்கு மட்டும் ஒரு ஜோடி எடுத்துக் கொடுக்க முடியாமல் போயிருந்தது. மெரூன் கலர் வார், அதன் மேல் பொன்னிறத்தில் ஒரு வளையம். அவள் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"என் காலு மாதிரியே இல்லையே" என்றாள்.

அவளுக்குப் பெருவியாதி, அதாவது தொழுநோய் வந்து, மாத்திரை தின்று, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே சொல்லியாயிற்று. முகத்திலும் கையிலும் அடையாளம் ஒன்றும் தங்கவில்லை. இடது உள்ளங்காலில் உணர்ச்சி மட்டும் போனது போனதுதான். கல்லோ முள்ளோ அதற்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் மெத்தென்ற கறுப்பு ரப்பரில் செருப்புக் கொடுத்தார்கள். காலுக்கு அது இதம், கண்ணுக்குத்தான் ஆகாது. தடித்த அடி, அகல வார், பின்னால் ஒரு பூட்டு. பஸ் ஸ்டாண்டில் கையேந்துகிறவர்களின் காலிலும் அதே செருப்புதான். பார்க்கிற எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே அவள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட வராமல் வீட்டுக்குள் முடங்கினாள். கேட்டவர்களிடம் முட்டுவலி என்று பிரபுதாஸ் சமாளித்துவந்தார்.

இப்போது மகள் பூரணத்துக்கு ராயகிரியில் சம்பந்தம் கூடிவந்திருந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கத் தாய் வராவிட்டால் நன்றாயிருக்காது. கறுப்புச் செருப்போடு வந்தால் கல்யாணமே இருக்காது. பிரபுதாஸ் ஆஸ்பத்திரி ரப்பரைப் பிரித்தெடுத்து, கடையிலிருந்த இந்த மெரூன் பேன்சி செருப்பின் அடியோடு ஒட்டி, கறுப்பு தெரியாதபடி ஓரத்துக்கு ரெக்சின் சுற்றினார். கிளம்புகிற நேரத்தில் இடது வார் விட்டுக்கொண்டது. ஒட்டினால் சொல்யூஷன் காய நேரமில்லை. அந்தச் செருப்பை ஒட்டலாம், தைக்கலாம், ஆணி மட்டும் கூடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் செருப்புக் கடைக்காரருக்கு ஆணி அடித்தால்தான் மனசு ஆறும். சின்னதாக ஒன்று அடித்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வழவழவென்றுதான் இருந்தது.

சம்பந்தக்காரர் சுவிசேஷமுத்து வீட்டில் ஜெபம், காப்பி எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அவர் மனைவி தேவமணி செருப்பைப் பார்த்து எந்தக் கடை என்று கேட்டாள். எங்கள் கடைதான் என்று ஏசுவடியாள் சொன்னபோது அவள் குரலே நிமிர்ந்திருந்தது. பிறகு தோட்டத்தையும் கிணற்றையும் காட்ட எல்லாரையும் அழைத்துப் போனார்கள். பெண்கள் முன்னே நடந்தார்கள். பின்னால் சுவிசேஷமுத்துவோடு பேசியபடி வந்த பிரபுதாஸ் தற்செயலாகத் தரையைப் பார்த்தார். வெள்ளைப் புழுதியில் இடது காலடிகளில் மட்டும் ஈரமாகச் சிவப்பு.

ஆணிதான். நடந்த நடையில் மேலே ஏறிவிட்டது. அவளோ சிரித்துப் பேசிக்கொண்டே அதை மிதித்து மிதித்துப் போகிறாள். கூப்பிட்டால் பூரணத்தின் கல்யாணம் போச்சு, கூப்பிடாவிட்டால் அந்தக் கால் போச்சு. கிணறு வரைக்கும் போகட்டும், வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மனசு சொல்லத்தான் செய்தது. அதன் பேச்சைக் கேட்டுக் கொஞ்ச தூரம் நடந்தும்விட்டார். தேவமணி ஏதோ சொல்ல, ஏசுவடியாள் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"ஏட்டி, நில்லு. அந்தக் காலை ஊனாத."

எல்லாரும் திரும்பினார்கள். அவளை வரப்பில் உட்காரவைத்து, புழுதியில் உட்கார்ந்து, காலை மடியில் வைத்துச் செருப்பைக் கழற்றினார். ரத்தம் வேட்டியில் இறங்கியது. முள்ளா என்று சுவிசேஷமுத்து பதறினார். தேவமணி குனிந்து பார்த்தாள்.

"இம்புட்டு ரத்தம் போயிருக்கு. வலிக்கலையா மதினி?"

வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடு தாயே என்று பிரபுதாஸ் கண்ணாலேயே கெஞ்சினார். ஏசுவடியாள் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தாள். ரெக்சின் பிய்ந்த இடத்தில் கறுப்பு ரப்பர் தெரிந்தது.

"இந்தக் கால்ல எனக்கு உணர்ச்சி கிடையாது மதினி. பெருவியாதி வந்து குணமாயிட்டு. உண்மையத்தான் சொல்லுதேன். ஒங்ககிட்ட மறைச்சிட்டோம்."

தேவமணி விறுவிறுவென்று கிணற்றடிக்குப் போய், செம்பில் தண்ணீரோடு திரும்பி வந்தாள். காயத்தை அழுத்திப் பிடித்திருந்த பிரபுதாஸ் ஒரு கையை எடுத்து நீட்டினார். அதற்குள் அவள் செம்பை மண்ணில் வைத்துவிட்டாள், அவர் எட்டி எடுக்கிற தூரத்தில். வைத்துவிட்டு, விலகிப் போகாமல் அங்கேயே நின்றாள். செம்பில் தண்ணீர் தளும்பி, மெல்ல அடங்கியது.