சுக்கினி வந்த மழைநாள்

குமாரைக் கட்டிக்கொண்டு சதுரங்கப்பட்டினத்துக்கு வந்த ஆறு மாதத்தில், ஜெயப்பிரியா தினமும் ஒரு வேளையாவது சமையலில் தோற்றுக்கொண்டிருந்தாள். தோற்கடித்தவள் பத்து வயது சுவேதா, குமாரின் முதல் மனைவி சங்கவியின் மகள். சங்கவி காய்ச்சலில் இறந்து இரண்டு வருடமாகிறது.

சுவேதா துடுக்காகப் பேசுகிற பிள்ளை இல்லை. தட்டைப் பார்த்துக் குனிந்தபடி மெதுவாகச் சொல்வாள்: "எங்கம்மா மீனுக்கு மாங்கா போட்டு வெக்கும்." இன்னொரு நாள், "எங்கம்மா கொழம்புல இவ்ளோ புளி இருக்காது." அவ்வளவுதான். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். ஜெயப்பிரியாவை அம்மா என்றோ சித்தி என்றோ கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எதிரே வந்து நிற்பாள்.

ஜெயப்பிரியா திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மீன் ஆயவே இங்கே வந்துதான் கற்றுக்கொண்டாள். "உங்கம்மா எப்டி செய்யும், சொல்லு" என்று கேட்டுக் கேட்டுச் செய்து பார்த்தாள். எதுவும் அந்த ருசிக்கு வரவில்லை. ஒருநாள் பின்கட்டில் பாத்திரம் துலக்கும்போது அழுகை வந்துவிட்டது. செத்துப்போனவள்மேல் பொறாமைப்படுகிறோமே என்று பிறகு வெட்கமாகவும் இருந்தது.

குமார், மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். ஐப்பசியில், மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாள், பதினோரு மணிக்கே வந்து நனைந்த அட்டைப்பெட்டி ஒன்றைச் சமையலறையில் இறக்கினான். ஒரு ஓட்டலில் கல்யாண விருந்து தள்ளிப்போனதால் திருப்பி அனுப்பிய காய். முதலாளி, 'வூட்டுக்கு எடுத்துக்கினு போ' என்று சொல்லிவிட்டாராம்.

பெட்டிக்குள் கரும்பச்சையாக, வழுவழுவென்று பதினைந்து இருபது காய்கள்.

"இன்னா இது, வெள்ளரிக்காயா?" என்றாள் ஜெயப்பிரியா.

"சுக்கினியாம். வெள்ளைக்காரங்க வந்தா செய்வாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ பாத்துக்கோ." அவன் அடுத்த நடைக்குக் கிளம்பிவிட்டான்.

பழக்கதோஷத்தில் அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "சுவேதா, இத உங்கம்மா எப்டி செய்யும்?"

சுவேதா வந்து ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கம்மா இத பாத்ததே இல்ல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது. அம்மாவுக்குத் தெரியாத ஒன்று வீட்டுக்குள் வந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போலிருந்தது.

ஜெயப்பிரியாவும் ஒரு காயைக் கையில் எடுத்தாள். "நானும் பாத்ததில்ல" என்றாள். பிறகு, "கடிச்சிப் பாப்பமா?"

ஆளுக்கொரு துண்டு கடித்தார்கள்.

"ஒண்ணுமே இல்ல. தண்ணி மாரி கீது" என்றாள் சுவேதா.

"கடைசில லேசா தித்திப்பு வருதே?"

சுவேதா இன்னொரு கடி கடித்து யோசித்தாள். "ஆமா, வருது."

சுரைக்காய்க்குத் தங்கச்சி போலிருக்கிறதே என்று ஜெயப்பிரியா முதலில் கடலைப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தாள். மூடியைத் திறந்தபோது பருப்புதான் மிதந்துகொண்டிருந்தது. சுவேதா கரண்டியால் துழாவி, "காய் எங்க?" என்று கேட்க, ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளையும் சிரித்தது.

அடுத்து பஜ்ஜி. அது சுவேதாவின் யோசனை. போட்ட வேகத்தில் எண்ணெய் படபடவென்று வெடிக்க, இரண்டு பேரும் கதவோரம் ஓடி ஒருத்திமேல் ஒருத்தி முட்டிக்கொண்டார்கள். மாவு தனியாகவும் காய் தனியாகவும் வெந்து கிடந்தன.

"இதுக்கு ஒடம்பெல்லாம் தண்ணி" என்றாள் ஜெயப்பிரியா. "எங்க ஊர்ல பாகக்காய உப்பு போட்டுப் பிழிவோம். இதையும் பிழிஞ்சா?"

வில்லை வில்லையாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறி, கால் மணி நேரம் வைத்தார்கள். சுவேதா இரண்டு கையாலும் பிழிந்தாள். ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீர் இறங்கியது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி அவள் தயங்கினாள்.

"எங்கம்மா பீர்க்கங்கால சென்னாக்குனி போடும்."

சென்னாக்குனி என்பது உலர்த்திய பொடி இறால். அதன் வாடை ஜெயப்பிரியாவுக்கு இன்னும் பழகவில்லை. டப்பாவை மேல்தட்டில், கண்ணுக்குப் படாமல் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். முக்காலியில் ஏறி அதை எடுத்துச் சுவேதாவிடம் கொடுத்தாள். "எவ்ளோன்னு எனக்குத் தெரியாது. நீயே போடு."

சுவேதா ஒரு கைப்பிடி அள்ளி, வெறும் வாணலியில் வறுத்து எடுத்தாள். பிறகு வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள். எல்லாம் வதங்கியதும் பிழிந்த காயைப் போட்டு, மூடாமல், பெரிய தீயில் கிளறினார்கள். காய் ஓரம் சிவந்து, குழையாமல் நின்றது. வறுத்த சென்னாக்குனி மேலே விழுந்ததும் அந்த வாடையே வேறாக மாறி, ஜெயப்பிரியாவுக்கே பசித்தது.

தட்டுக்குக்கூடக் காத்திராமல் வாணலியிலிருந்தே எடுத்துத் தின்றார்கள்.

"நல்லா கீது" என்றாள் சுவேதா.

அதற்கடுத்த வாக்கியத்துக்காக ஜெயப்பிரியா காத்திருந்தாள். அது வரவில்லை. பிள்ளை இன்னொரு வாய் எடுத்துக்கொண்டது.

மழை விட்டிருந்த சாயங்காலம், மிச்சக் காயைப் பையில் போட்டுத் தெருவில் கொடுக்கப் போனார்கள். மூன்றாவது வீட்டு ரோகிணி காயைச் சந்தேகமாக முகர்ந்து பார்த்தாள். "இத இன்னா பண்றது?"

ஜெயப்பிரியா வாயைத் திறப்பதற்குள் சுவேதா முன்னால் வந்தாள். "மொதல்ல உப்பு போட்டுப் பிழிஞ்சிடணும்க்கா. இல்லன்னா தண்ணியா பூடும். நாங்க ரெண்டு வாட்டி கெடுத்துட்டோம்."

திரும்பும்போது தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கி நின்றது. பள்ளம் எது, மேடு எது என்று தெரியவில்லை. சுவேதா கையை நீட்டினாள். ஜெயப்பிரியா பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குத் துருவி அடையில போடலாமா?" என்று கேட்டாள் சுவேதா.

"போட்டுப் பாக்கலாம். வராம போனா போவுது."

தண்ணீரில் காலைத் துழாவித் துழாவி வைத்து இருவரும் நடந்தார்கள்.