மூன்றாம் சக்கரம் காற்று கேட்கிறது

1

இந்தக் கதையை, செங்கம் ரோட்டில் வேடியப்பனின் டயர் கடை பெஞ்சில் உட்கார்ந்து திருடினேன். திருடும்போது இதற்கு இரண்டு சக்கரம்தான். மீதி இரண்டு என் கைச்சரக்கு.

முதல் வரி: 'அண்ணாமலை உச்சியில் மேகம்...' (வேண்டாம். மேகத்துக்கு இங்கே வேலையில்லை.)

மறுபடி: 2006 பிப்ரவரி. சன்மதி டீச்சர் ஒரு வெள்ளைக்காரரிடம் கட்டிலும் அடுப்பும் உள்ள வீட்டு வேனை வாங்கினாள். சிரவணபெளகொளாவில், மலைமேல் நிற்கும் சமணப் பெருஞ்சிலைக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை அபிஷேகம். போன தடவை வழியில் பஸ் டயர் வெடித்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

2

காற்று குறைந்தால் எந்தச் சக்கரமென்று சின்னத் திரையில் காட்டிக் கூவும் சென்சார் அனுப்புவதாகச் சிங்கப்பூர்த் தம்பி சீவகன் போனில் சொன்னான். ரிம்முக்குள் வைப்பதா, வால்வின் தலையில் திருகுவதா?

"வெளியவே இருக்கட்டும்டா. கண்ணுல பாத்தாதான் நம்புவேன்."

வந்ததை வேடியப்பன் கையில் எடைபோட்டான். "வெயிட்டு ஜாஸ்தி டீச்சரம்மா. ரப்பர் வால்வு தலையாட்டியே கிழிஞ்சிடும். பித்தளைதான் போடணும்."

"போடு."

"மூணுதாங்க இருக்குது."

பின்பக்க வலது சக்கரத்துக்கு மட்டும் ரப்பரே நின்றது. (அவள் மறுப்பதாக மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் வேன் கிளம்பவில்லை.)

3

நாளை அபிஷேகத்தின் கடைசி நாள். ஊத்தங்கரை தாண்டியதும் திரை கூவியது: மூன்றாம் எண். படத்தில் அது பின்பக்க இடது சக்கரம். வண்டி ஓட்டி வந்த வேடியப்பன் இறங்கி, கால் பம்பால் அதற்குக் காற்றடித்தான். கூவல் நிற்கவில்லை. இன்னும் அடித்தான். டயர் உப்பியது, எதைப் போலவென்றால்—

"நிறுத்துய்யா, வெடிக்கப்போவுது!"

"மிஷினு இன்னும் பசிக்குதுன்னுதே!"

சன்மதி, சென்சாரோடு வந்த விளக்கக் காகிதத்தைப் பிரித்தாள். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. "நீ எந்த வரிசையில மாட்டுன?"

வேடியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "முன்னாடி இடதுல ஆரம்பிச்சு வலமா சுத்தி வந்தேன். திருவண்ணாமலைக்காரன் வேற எப்படிச் சுத்துவான்?"

அவள் விரலால் வேனைச் சுற்றினாள். ஒன்று, இரண்டு... மூன்றாவது, பின்பக்க வலது. ரப்பர் வால்வு வேரோடு கிழிந்து சீறிக்கொண்டிருந்தது.

4

முடிவு அ: இடது டயர் வெடிக்கிறது. (இந்த வயதில் எனக்குச் சத்தம் ஆகாது.)

முடிவு ஆ: ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்கிறார்கள்.

ஆனால் ஸ்டெப்னிக்குச் சென்சார் கிடையாது. அதில் காற்று இருக்கிறதா? எனக்கே தெரியாது, சத்தியமாக. வேடியப்பன் ஜாக்கியோடு வண்டிக்கடியில் கிடக்கிறான். ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது.

சன்மதி நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்க்கிறாள். "யாருங்க அது, சும்மா நின்னு படிச்சிட்டு இருக்கறது? அத கொஞ்சம் அமுக்கிப் பாருங்களேன்!"